ஒரு மசால், முறுகலாக

இந்தக் கதையைப் பத்தொன்பது வருஷமாக நான் நம்பவில்லை. இப்போதும் முழுதாக நம்புகிறேன் என்று சொல்ல முடியாது. சொன்னவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. டவுனில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஓட்டலில் முப்பது வருஷம் சப்ளையராக இருந்தவர். இப்போது எங்கள் தெருவில் மகன் வீட்டில் இருக்கிறார். காலையில் பால் பூத்தில் நிற்கும்போது இந்தக் கதையைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் ஒரு சொல்கூட மாறாது. என் முதல் சந்தேகமே அதுதான். நடந்ததைச் சொல்கிற மனிதன் கொஞ்சமாவது மாற்றித்தான் சொல்வான்.

மனிதர்கள் இவ்வளவு முட்டாள்களாக இருப்பார்களா என்பது என் சந்தேகம் அல்ல. ஐம்பத்தாறு வயதில் அந்தச் சந்தேகம் யாருக்கும் மிச்சம் இருக்காது. கூடப்பிறந்த மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எல்லா விஷயத்திலும் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்கிறாரே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த மூன்று பேர் கோணக்கரை என்ற ஊரில் வாழைத்தோப்பு வைத்திருந்த அண்ணன் தம்பிகள். மூத்தவர் வைகுண்டம், நடுவுள்ளவர் தளவாய், கடைசி கொம்பையா. வைகுண்டத்துக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி பெயர் பிரம்மசக்தி. தோப்பில் காய்ப்பது இருக்கும்போது வேறு காய் வாங்குவது ஆடம்பரம் என்பதால், அவள் அந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷமும் திங்கட்கிழமை வாழைக்காய், செவ்வாய்க்கிழமை வாழைத்தண்டு, புதன்கிழமை வாழைப்பூ என்று சமைத்தாள். வியாழக்கிழமை மறுபடி காய்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. கல்யாணமான புதிதில் டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எதிர் ஓட்டல் ஜன்னலுக்குள் ஒருத்தி மசால் தோசையைப் பிய்ப்பதைப் பார்த்தாள். உள்ளே இருந்த உருளைக்கிழங்கிலிருந்து ஆவி எழும்பி அந்தப் பெண்ணின் மூக்குக்கண்ணாடியை மூடியது. அதே போல ஒரு நாள் தானும் உட்கார்ந்து, சூடாக, ஒரே ஒரு மசால் தோசை சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். வைகுண்டத்திடம் கேட்டபோதெல்லாம் அவர், "பாக்கலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே பார்க்கலாம் என்றுதான் நினைத்தார்.

இந்த நிலையில் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. குடும்பச் செலவைக் குறைப்பது எப்படி என்று ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து பேசினார். டீயும் போண்டாவும் இலவசம் என்பதால் மூவரும் முன்வரிசையில் இருந்தார்கள். அவர் நான்கு விதிகள் சொன்னார். எதையும் வாங்கும் முன் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். தேவை வேறு, ஆசை வேறு. இரண்டையும் பிரித்து வையுங்கள். வீட்டில் இருப்பதை வெளியில் வாங்காதீர்கள். இப்படியெல்லாம் சிக்கனமாக இருந்துகொண்டு, மாதம் ஒரு முறை குடும்பத்துக்கு ஒரு சின்ன சந்தோஷம் கொடுங்கள். இந்த நான்கையும் அச்சடித்த நோட்டீஸும் கொடுத்தார். நல்ல மனிதர்தான். தான் சொல்வதை யாராவது செய்துவிடுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலையே மூவரும் பிரித்து வைக்க ஆரம்பித்தார்கள். வீட்டில் இரண்டு அறைகள். மேற்கு அறை தேவைக்கு, கிழக்கு அறை ஆசைக்கு. அரிசி மூட்டை மேற்கே போனது. முகம் பார்க்கும் கண்ணாடி கிழக்கே போனது. தலையணையில் வந்து நின்றார்கள்.

"தலையணை இல்லாம தூங்க முடியுமா?" என்று கேட்டார் வைகுண்டம்.

"முடியும்" என்றார் தளவாய்.

"தலை இல்லாம?"

தளவாய் யோசித்தார். "முடியாது."

"அப்போ தலை தேவை. தலையணை ஆசை."

தலையணைகள் எல்லாம் கிழக்கே போயின. சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தின் கீழே நின்று அரை மணி நேரம் பேசி, அப்பா தேவை, படம் ஆசை என்று முடிவு செய்தார்கள். அப்பா காலமாகி வெகு நாள் ஆகிவிட்டதால் மேற்கே வைக்க எதுவும் இல்லை. ஊஞ்சல் பலகையைக் கழற்றும்போது கொம்பையாவுக்கு ஒரு எண்ணம் வந்தது.

"அண்ணே, நான் எந்தப் பக்கம்?"

மூத்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வைகுண்டம் தொண்டையைச் செருமினார். "உன்னைப் பெறும்போது அப்பாவுக்கு ஏற்கெனவே ரெண்டு பையன் இருந்தோம்லே. ஒரு பொம்பளப்பிள்ளை வேணும்னுதான் மூணாவது."

கொம்பையா பாயைச் சுருட்டிக்கொண்டு கிழக்கு அறைக்குப் போனார். அங்கே தலையணைகள் இருந்தன, கண்ணாடி இருந்தது, ஊஞ்சல் பலகை இருந்தது. அந்த வீட்டில் அன்று முதல் நிம்மதியாகத் தூங்கியவர் அவர் ஒருவர்தான்.

கடைசியாகக் கதவு. வீட்டுக்குக் கதவு தேவை. ஆனால் கிழக்கு அறையில் இருப்பது முழுக்க ஆசை. ஆசை அறையில் ஒரு தேவையான பொருள் இருப்பது விதிக்கு விரோதம். ஆகவே அந்த அறையின் கதவைக் கழற்றி மேற்கு அறையில் சாய்த்து வைத்தார்கள்.

இதெல்லாம் ஆவுடையப்பனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருக்கிறேன். அவர் அப்போது ஓட்டலில் அல்லவா இருந்திருக்கிறார்? "கொம்பையா சொன்னான்" என்றார். கொம்பையாவை அவருக்கு எப்படித் தெரியும்? "அதுதான் வரப்போகுதே" என்றார். அந்தப் பதிலிலும் எனக்குத் திருப்தி இல்லை.

அடுத்து உப்பு தீர்ந்தது. தளவாய் அந்தோணி கடைக்குப் போனார்.

"உப்பு இருக்கா?"

"இருக்கு. எத்தனை பாக்கெட்?"

"ஒண்ணு. நாளைக்கு வாரேன்."

மறுநாளும் போனார். பாக்கெட்டைக் கையில் வாங்கும் நேரத்தில் அவருக்கு விதி நினைவு வந்தது. இன்றைக்கு வாங்குவதாக இருந்தால் இன்றைக்கும் ஒரு நாள் தள்ளிப் போட வேண்டும். "நாளைக்கு வாரேன்" என்று பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். இப்படி ஒன்பது நாள். பத்தாவது நாள் அந்தோணி பாக்கெட்டைத் தெருவில் எறிந்து, "காசும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், இதை எடுத்துக்கிட்டுப் போயிரும், இனிமே என் கண்ணுல படாதேயும்" என்றார்.

தளவாய் உப்போடு வீட்டுக்கு வந்து, "அண்ணே, விதி வேலை செய்யுது" என்றார்.

இந்த ஒன்பது நாளும் உப்பில்லாத வாழைக்காயைச் சமைத்தவள் பிரம்மசக்தி. சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்த நோட்டீஸின் முன்னால் போய் நின்றாள். முழுதும் படித்தாள்.

"முதல் மூணு வரியைச் செஞ்சாச்சு. நாலாவது வரி யாருக்கு எழுதியிருக்கு?"

மூவரும் எட்டிப் பார்த்தார்கள். சின்ன சந்தோஷம். உண்மைதான், அச்சில் இருந்தது.

"இந்த மாசம் முடியறதுக்குள்ள ஓட்டல்ல உக்காந்து சூடா ஒரு மசால் தோசை எனக்கு வேணும். இல்லன்னா எங்க அக்கா வீட்டுக்குப் போயிருதேன். நீங்க மூணு பேரும் பொங்கித் தின்னுங்க."

மூவருக்கும் வியர்த்துவிட்டது. அடுப்பு எந்தப் பக்கம் பற்றும் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

வைகுண்டம் உடனே சம்மதித்திருப்பார். தளவாய்தான் தடுத்தார். "சின்ன சந்தோஷம்னு போட்டிருக்கு. மசால் தோசை சின்னதா?"

அது நியாயமான கேள்வி என்று மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். கொம்பையாவிடம் ஒரு வாழைநாரைக் கொடுத்து டவுனுக்கு அனுப்பினார்கள். ஆவுடையப்பன் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். ஒரு வக்கீல் குமாஸ்தா முன்னால் அவர் மசால் தோசையை வைத்துவிட்டுத் திரும்பினால், யாரோ ஒருவன் குனிந்து அந்தத் தோசையை நாரால் அளந்துகொண்டிருக்கிறான்.

"என்ன தம்பி செய்யுத?"

"அளவெடுக்கேன், அண்ணாச்சி."

"யாருக்கு?"

"மதினிக்கு."

ஆவுடையப்பன் விலகி இடம் விட்டார். குமாஸ்தாவும் அளந்து முடியும்வரை கையை எடுத்துக்கொண்டு பொறுமையாக இருந்தார் என்கிறார். இதை நான் நம்பவில்லை. எனக்குத் தெரிந்த எந்தக் குமாஸ்தாவும் அப்படி இருக்க மாட்டார்.

நார் வீட்டுக்கு வந்தது. தளவாய் அதைத் தன் கையோடு வைத்துப் பார்த்தார். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் போய், அதற்கு மேலும் இரண்டு விரல் நீண்டது.

"இது சின்னது இல்லை" என்றார் வருத்தத்தோடு. "என் கையே சின்னது இல்லை. இது அதைவிடப் பெரிசு."

பிரம்மசக்தி அடுப்படியிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. வைகுண்டத்துக்கு அப்போது எங்கிருந்தோ அறிவு வந்தது.

"சுருட்டித்தானே வைக்கான்? நுனிப் பக்கமா நின்னு பாத்தா எவ்வளவு தெரியும்?"

கொம்பையா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினார். ஒரு எலுமிச்சம்பழம் அளவு.

"அது சின்னதுதான்" என்றார் தளவாய். ஆகவே தோசை வந்ததும் நால்வரும் அதன் நுனிப் பக்கத்திலிருந்து மட்டும் பார்ப்பது என்று தீர்மானம் ஆயிற்று.

வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு நால்வரும் ஓட்டலுக்குள் வந்தார்கள். பிரம்மசக்தி கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். மூவரும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, எதிரில் அவளை உட்காரவைத்தார்கள். ஆவுடையப்பன் மேஜையைத் துடைத்தார். நான்கு டம்ளர் தண்ணீரை நான்கு விரல்களையும் உள்ளே விட்டுத் தூக்கிவந்து வைத்தார். அவளைப் பார்த்து, "என்னம்மா சாப்பிடுதீங்க?" என்றார்.

அவள் முகம் மலர்ந்ததை அவர் இன்றைக்கும் சொல்வார். அவள் வாயைத் திறப்பதற்குள் வைகுண்டம் நோட்டீஸை மேஜையில் விரித்துவிட்டார்.

"மசால் தோசையில என்னென்ன உண்டு?"

"தோசை, மசாலா, சட்னி, சாம்பார்."

"சட்னி வீட்டுல இருக்கு. அதை எடுத்துருங்க."

"சாம்பாரும் இருக்கு" என்றார் தளவாய். "காலையில வெச்சது."

"மாவு?"

"பானை நிறைய இருக்கு" என்றார் கொம்பையா பெருமையாக.

"அப்போ தோசையையும் எடுத்துருங்க. மிச்சம் என்ன?"

"மசாலா" என்றார் ஆவுடையப்பன்.

"உருளைக்கிழங்கு வீட்டுல கிடையாது" என்றாள் பிரம்மசக்தி. பதினோரு வருஷத்தில் அவள் இவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை. "பதினோரு வருஷத்துல ஒரு கிழங்குகூட வாங்கினது கிடையாது."

மூவரும் யோசித்தார்கள். மறுக்க முடியவில்லை. ஆவுடையப்பன், "அப்ப மசாலா மட்டும் ஒரு பிளேட் கொண்டாரட்டா?" என்று திரும்பினார்.

"நில்லும்" என்றார் வைகுண்டம். "தளவாய், உருளைக்கிழங்கு வீட்டுல ஏன் இல்லை?"

"வாங்கலை."

"வாங்கினா?"

"இருக்கும்."

"இருந்தா?"

"வெளியில வாங்கக் கூடாது."

"ஆனா ஒரு நாள் தள்ளிப் போடணுமே, அண்ணே" என்றார் கொம்பையா.

"அதான் பதினோரு வருஷம் தள்ளிப் போட்டாச்சுல்லா?" என்றார் வைகுண்டம்.

மூவரும் எழுந்தார்கள். பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் காய்கறி வண்டியில் ஒரு கிலோ உருளைக்கிழங்கு வாங்கினார்கள். இனி ஓட்டலில் வாங்க எதுவும் இல்லை என்பதால் நால்வரும் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். மேஜையில் நான்கு டம்ளர் தண்ணீர் அப்படியே இருந்தது. தண்ணீரும் வீட்டில் இருந்ததல்லவா.

வீட்டுக்கு வந்ததும் பிரம்மசக்தி கல்யாணப் புடவையை மாற்றி, மடித்து, பெட்டியில் வைத்தாள். மற்றப் புடவைகளையும் வைத்தாள். "திங்கக்கிழமை காலை ஆறு மணி பஸ்" என்றாள்.

சனிக்கிழமை மூவரும் தோப்பில் கூடினார்கள்.

"மாவு இருக்கு, சட்னி இருக்கு, கிழங்கும் வாங்கியாச்சு" என்றார் வைகுண்டம். "அங்க இருக்கிற எல்லாம் இங்க இருக்கு. பின்ன ஏன் பெட்டி கட்டுதா?"

"எல்லாம் இல்லை, அண்ணே" என்றார் கொம்பையா. "அங்க ஒரு ஆளு வந்து மதினியைப் பாத்து 'என்ன சாப்பிடுதீங்க'ன்னு கேட்டான். அப்ப மதினி முகத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். லைட்டுப் போட்ட மாதிரி இருந்துச்சு."

"நம்ம வீட்டுல அப்படிக் கேக்கிற ஆளு இருக்கா?"

"நாம கேக்கோமே" என்றார் தளவாய். "'என்ன குழம்பு'ன்னு தினமும் கேக்கோம்."

"அது வேற."

மூவரும் காய்ந்த மட்டைகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார்கள். கொம்பையாதான் மெதுவாகச் சொன்னார். "நாமளே கேட்டா என்ன, அண்ணே? 'உங்களுக்கு என்ன வேணும்'னு?"

வைகுண்டம் அதிர்ந்துபோனார். "உனக்குக் கிறுக்காலே பிடிச்சிருக்கு? பொண்டாட்டிகிட்டப் போயி அப்படியெல்லாம் கேக்கதுக்கு நமக்கு என்ன பழக்கம்? அது தொழில் தெரிஞ்ச ஆளு செய்யுத வேலை. வீட்டுல இல்லாத பொருள். வெளியிலதான் வாங்கணும்."

இந்த இடத்தில் ஆவுடையப்பன் பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவார். நானும் ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் தரையைப் பார்ப்பேன். ஏன் என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆவுடையப்பனுக்கு லீவு. பஸ் சார்ஜும் ஒரு தார் வாழைப்பழமும் தருவதாகச் சொல்லிக் கொம்பையா அவரைக் கூட்டிவந்துவிட்டார். மேற்கு அறையில் சும்மா கிடந்த கதவை இரண்டு அரிசி மூட்டைகள் மேல் படுக்கவைத்து மேஜை ஆக்கியிருந்தார்கள். பிரம்மசக்தியை வற்புறுத்தி ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மூவரும் எதிரில் உட்கார்ந்தார்கள்.

ஆவுடையப்பன் தோளிலிருந்த துணியால் கதவைத் துடைத்தார். விரல்களை விட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "என்னம்மா சாப்பிடுதீங்க? இட்லி, பொங்கல், பூரி, ரவா, ஆனியன் ரவா, ஊத்தப்பம், மசால் தோசை..." பழக்கதோஷத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"ஒரு மசால் தோசை. முறுகலா."

ஆவுடையப்பன் அடுப்படிப் பக்கம் திரும்பி, முப்பது மேஜைக்குக் கேட்கிற குரலில் கத்தினார். "ஒரு மசால்! முறுகல்!"

எல்லோரும் அடுப்படியைப் பார்த்தார்கள். அடுப்படி சும்மா இருந்தது. அடுப்பில் கல்லும் இல்லை, அடியில் தீயும் இல்லை.

"மாஸ்டர் எங்க?" என்றார் ஆவுடையப்பன்.

அதுவரைக்கும் யாரும் அதை யோசித்திருக்கவில்லை. பிரம்மசக்தி பெருமூச்சு விட்டு எழுந்தாள். வைகுண்டம் பதறினார். "நீ உக்காரு! கஸ்டமர் அடுப்படிக்குள்ள போகப்பிடாது. ஓட்டல்ல போர்டே போட்டிருக்கான்."

"அப்போ மாஸ்டர் ஒருத்தரை வெளியிலருந்து கொண்டாரணும்" என்றார் தளவாய்.

"எதுக்கு? மாஸ்டர்தான் வீட்டுல இருக்கே. மதினிதான் மாஸ்டர்" என்றார் கொம்பையா.

"மதினி கஸ்டமர்லா?"

சிக்கல் பெரிது. அதை அவிழ்த்தவர் தளவாய். "ஓட்டல்ல கஸ்டமர் முன்வாசல் வழியா வருவாங்க. மாஸ்டர் பின்வாசல் வழியா வருவாரு. மதினி முன்வாசல் வழியா வெளிய போயி, வீட்டைச் சுத்தி, பின்வாசல் வழியா உள்ள வரட்டும். அப்ப அவங்க மாஸ்டர். தோசையைக் குடுத்துட்டு, வந்த வழியே திரும்பி வந்தா கஸ்டமர்."

பிரம்மசக்தி மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, முன்வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். பின்வாசல் வழியாக வந்து அடுப்பை மூட்டினாள். கிழங்கை வேகவைத்தாள், தாளித்தாள், தோசை வார்த்தாள். தட்டை ஆவுடையப்பன் கையில் கொடுத்துவிட்டு, பின்வாசல் வழியாக இறங்கி, மாட்டுத்தொட்டியையும் வாழைக் கொல்லையையும் வேலியையும் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தட்டில் கை வைத்தாள்.

"ஆறிப்போச்சு."

"ஆறிப்போச்சாம்" என்றார் வைகுண்டம் ஆவுடையப்பனிடம். "கொண்டுபோயி மாஸ்டர்கிட்டச் சொல்லும்."

ஆவுடையப்பன் அடுப்படிக்குள் போனார். யாரும் இல்லை. மாஸ்டர் வந்துசேரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. இரண்டாவது தோசைக்கு அவள் வேகமாக நடந்தாள். அதுவும் ஆறிவிட்டது. மூன்றாவது தோசைக்குப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். வேலியோரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். மூச்சிரைக்க வந்து உட்கார்ந்து, மூச்சு அடங்கித் தட்டைத் தொட்டால், அதுவும் ஆறியிருந்தது.

நான்காவது முறை அவள் அடுப்படிக்குள் வந்தபோது, ஆவுடையப்பன் தட்டோடு நின்றிருந்தார். "கஸ்டமர் மறுபடியும் ஆறிப்போச்சுங்காங்க, அம்மா."

பிரம்மசக்தி கையிலிருந்த தோசைக்கரண்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அந்தக் கஸ்டமர் சொல்றது நியாயந்தானே?"

"நியாயந்தான், அம்மா. சூடாத்தானே கேட்டாங்க?"

"நான் இந்த வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகுது. ஒரு ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது. இன்னையோட வேலையை விட்டுட்டேன்னு உங்க முதலாளிகிட்டச் சொல்லிருங்க."

கரண்டியை மாவுப் பானை மேல் வைத்தாள். பின்வாசல் வழியாக இறங்கினாள். இந்த முறை ஓடவில்லை. வேலியோரம் நின்றவர்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நிதானமாக முன்வாசல் வழியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என் தோசை என்னாச்சு?"

ஆவுடையப்பன் வைகுண்டத்தின் முன்னால் கைகட்டி நின்றார். "மாஸ்டர் வேலையை விட்டுட்டாரு, அண்ணாச்சி."

வைகுண்டம் எழுந்தே விட்டார். "என்னது? சொல்லாம கொள்ளாம எப்படிய்யா போவான்? கஸ்டமர் உக்காந்திருக்காங்க!"

"இப்பத்தான் போயிருப்பாரு, ரொம்ப தூரம் போயிருக்க முடியாது" என்றார் தளவாய். கொம்பையா பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். அங்கே நின்றிருந்த கண்டக்டரிடம், எங்கள் மாஸ்டர் இந்தப் பக்கம் வந்தாரா என்று கேட்டார். ஆள் எப்படி இருப்பார் என்று கண்டக்டர் கேட்டார். "சேலை கட்டியிருப்பாரு. நெத்தியில பொட்டு. எங்க மதினி சாடையில இருப்பாரு." அப்படி ஒரு மாஸ்டர் பஸ்ஸில் ஏறவில்லை என்றார் கண்டக்டர்.

வீட்டில் வைகுண்டம் மனைவிக்கு முன்னால் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க, அம்மா. மாஸ்டர் இப்படிச் செய்வான்னு நாங்க எதிர்பாக்கலை. ஒரு அஞ்சு நிமிஷம்."

பதினோரு வருஷத்தில் அவர் அவளை 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.

அஞ்சு நிமிஷம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. முதல் தோசை கல்லோடு போயிற்று. இரண்டாவதைக் கொம்பையா திருப்பும்போது அது தளவாய் தோளில் விழுந்தது. கல்லுக்கு எண்ணெய் தேவையா ஆசையா என்று நடுவில் ஒரு விவாதம் நடந்தது. அதற்குள் மூன்றாவதும் நான்காவதும் கரிந்தன. ஒன்பதாவது தோசை ஓரளவு வட்டமாக வந்தது. வைகுண்டம் அதில் மசாலாவை வைத்து மடித்து, "சூடு, சூடு, வழிவிடுங்க" என்று கத்திக்கொண்டே தட்டை ஆவுடையப்பனிடம் கொடுத்தார். அவர் நான்கே எட்டில் கொண்டுவந்து வைத்தார்.

பிரம்மசக்தி நடுவில் பிய்த்தாள். ஆவி வந்தது. ஒரு வாய் வைத்தாள். அடுப்படி வாசலில் மூன்று தலைகள் வரிசையாகத் தெரிந்தன.

"மாஸ்டர் புதுசா?" என்று ஆவுடையப்பனிடம் கேட்டாள்.

"புதுசுதான், அம்மா."

"பரவாயில்லை. பழைய மாஸ்டரைவிட நல்லாவே முறுகலா வருது. இன்னொண்ணு போடச் சொல்லுங்க."

வைகுண்டத்துக்கு நெஞ்சு விம்மிவிட்டது.

திங்கட்கிழமை ஆறு மணி பஸ்ஸில் அவள் ஏறவில்லை. பெட்டி பரணுக்குப் போய்விட்டது. காலை ஏழு மணிக்குக் கதவு மேஜையில் வந்து உட்கார்ந்து, "என்ன இருக்கு?" என்றாள். ஓடிப்போன மாஸ்டர் இன்னும் திரும்பவில்லை. வெளியிலிருந்து வேறு மாஸ்டர் வைக்கலாமா என்று மூவரும் பேசினார்கள். வீட்டிலேயே மூன்று மாஸ்டர்கள் இருக்கும்போது வெளியில் வாங்குவது விதிக்கு விரோதம் என்று கண்டார்கள். அந்த வாரமும் அவர்களே சமைத்தார்கள். அடுத்த வாரமும். வருஷக்கணக்கில் அந்த வீட்டில் அப்படித்தான் நடந்தது என்கிறார் ஆவுடையப்பன். வாழைக்காய் வறுக்கும்போது எண்ணெய் கையில் தெறித்தால் மட்டும் வைகுண்டம் அடுப்படி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து, "அந்த மாஸ்டர் மட்டும் என் கையில கிடைச்சான்..." என்பாராம். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் பிரம்மசக்தி, "விடுங்க, நன்றி இல்லாத பயலுக" என்று ஆறுதல் சொல்வாளாம்.

இதுவரைக்கும் போன வாரம் எழுதி முடித்தேன். எழுதும்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. மூன்று ஆண்கள், கண்ணெதிரே உட்கார்ந்திருப்பவளை ஊரெல்லாம் தேடுவார்களா? அப்படியும் இருக்குமா என்று யோசித்துக்கொண்டே காகிதங்களைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்துவந்தால் மேஜையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். காகிதங்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"என்ன இருக்கு?" என்றாள்.

நான் அடுப்படிக்குள் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. பின்வாசலைத் திறந்து சந்து முழுக்கப் பார்த்தேன். அங்கும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பால் பூத்துக்குப் போனேன். ஆவுடையப்பன் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு அப்போதுதான் திரும்பினார். பத்தொன்பது வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டே விட்டேன்:

"அண்ணாச்சி, வேலையை விட்டுட்டுப் போனாரே அந்தக் கோணக்கரை மாஸ்டர், அவர் இப்ப எந்த ஓட்டல்ல இருக்காரு?"